கோதின் நீளமும் கோதின் வரலாறும்

வன்னியில் சுட்டு முடித்த ரவையின் வெற்றுக் கோதைக் காணாத பிள்ளைகள் குறைவு. முகமாலை, ஆனையிறவு, மாங்குளம், புதுக்குடியிருப்பு என்று சண்டை நின்று நடந்த இடங்களில், வயல் உழும்போதும் வேலிக்குக் கிடங்கு கிண்டும்போதும் அவை மண்ணோடு வந்தன. பித்தளை என்றால் பழைய இரும்புக்காரர் நிறுத்து வாங்கினார். வெளிநாடுகளில் வேட்டைக்காரரும் குறிசுடும் போட்டியாளரும் இதே போன்ற கோதை அச்சில் அமுக்கி, நீளத்தை வெட்டிச் சரிசெய்து, மறுபடி மருந்து நிரப்பிப் பல தடவை பாவிக்கிறார்கள். அந்தக் கைவேலையை அதற்குரிய மரியாதையோடு எடைபோட விரும்புகிறேன். அதன் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. அந்த இடம் வன்னிக்காரர் எல்லோரும் அறிய வேண்டியது.

ரவை வெடிக்கும் கணத்தில் றைஃபிள் கோதுக்குள் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 இறாத்தல் வரை ஏறலாம். நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு நாகமும் கலந்த மெல்லிய பித்தளைச் சுவர் அந்த அழுத்தத்தில் பருத்து, துவக்கின் அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. சூடான வாயு பின்னால் பீறிச் சுடுபவரின் முகத்தில் அடிக்காமல் காப்பது இந்த ஒட்டுதலே. அழுத்தம் இறங்கியதும் பித்தளை சற்றுச் சுருங்கும். பழைய அளவுக்குத் திரும்பாது. ஆகவே மசகு பூசிய கோதை உருக்கு அச்சுக்குள் தள்ளி, உரிய அளவுக்கு நெருக்குகிறார்கள். நெருக்கிய உலோகம் வாய்ப்பக்கமாக நீள்கிறது. அந்த மிகையைத்தான் பிறகு வெட்டுகிறார்கள்.

வெட்டுவதை அழகுக்கான வேலையாக எண்ணக்கூடாது. 7.62×51 அளவு றைஃபிள் கோதின் உச்ச நீளம் 51.18 மில்லிமீற்றர், வழமையாக வெட்டி நிறுத்தும் அளவு 50.93. வித்தியாசம் கால் மில்லிமீற்றர். உச்ச நீளத்தைத் தாண்டிய கோதின் வாய் அறையின் முன் விளிம்பில் முட்டி, சன்னத்தை இறுகப் பிடித்துவிடும். சன்னம் விடுபடத் தாமதித்தால் உள்ளே அழுத்தம் எல்லை கடக்கும். அந்த ஆபத்தை இடுக்கிமானியால் அளந்து, சிறு கத்தியால் சீவி, விளிம்பின் பிசிறை உள்ளும் வெளியும் எடுத்து நீக்கிவிடலாம் என்பது இம்முறையின் பெரிய பலம். செலவு மிச்சம் இரண்டாவதுதான். உலோகம் எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் கையாலேயே கற்றுக்கொடுக்கும் வேலைகள் இன்று அதிகம் இல்லை. இது அவற்றில் ஒன்று.

ஆனாலும் செய்பவர்களிடம் தவறான பழக்கங்கள் உண்டு. அச்சில் இடுவதற்கு முன்பே நீளத்தை அளப்பது அதில் ஒன்று. அச்சு கோதை நீட்டும் என்பதால் அந்த அளவீட்டுக்குப் பொருளில்லை. அமுக்கிய பிறகே அளக்க வேண்டும். நீண்டாலும் நீளாவிட்டாலும் ஒவ்வொரு முறையும் எல்லாக் கோதையும் வெட்டுவது இன்னொன்று. போட்டியில் சுடுபவருக்கு அந்த ஒருசீர்மை சிறிது உதவலாம். வேட்டைக்காரருக்கு அதனால் கிடைப்பது மிகக் குறைவு.

என் முக்கியமான குறை வேறு. வாயில் வெட்டி எறியும் பித்தளை வானத்திலிருந்து வந்ததல்ல. அதில் ஒரு பங்கு கோதின் கீழ்ச்சுவரிலிருந்து நகர்ந்து வந்தது. சுடும்தோறும் அடித்தட்டுக்குச் சற்று மேலே சுவர் மெலிகிறது. ஒருநாள் அந்த இடத்தில் வெளிறிய வளையம் ஒன்று தெரியும். அதையும் கவனிக்காமல் விட்டால் கோது அறைக்குள் இரண்டாகப் பிரியும். எவ்வளவு மெலிந்தது என்பதற்கு வெளியே தெரியும் சாட்சிகளில் முக்கியமானது கோது நீண்ட அளவு. வெட்டும் கருவி அந்தச் சாட்சியை அழித்துவிடுகிறது. வெட்டிமுடித்த கோது, ஒருதரம் சுட்டதோ எட்டுத்தரம் சுட்டதோ, இடுக்கிமானிக்கு ஒரே பதிலைச் சொல்லும். அதனால்தான் கவனமானவர்கள் கோதுகளைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து, எத்தனை தடவை சுட்டது, எத்தனை தடவை வெட்டியது என்று எழுதிவைக்கிறார்கள். நுனி வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டு, சுவரில் பள்ளம் தட்டுகிறதா என்றும் தடவிப் பார்க்கிறார்கள். குறிப்பேடு இல்லாத இடத்தில் இந்தத் தொழில் இல்லை என்பது என் முடிவு.

இதற்கு நல்ல உதாரணம், இலங்கையிலும் இந்தியாவிலும் நெடுங்காலம் புழங்கிய .303 லீ-என்ஃபீல்ட் துவக்கு. அதன் கோது அடிவிளிம்பில் தாங்கி நிற்கிறது. போர்க்களச் சேற்றிலும் மாட்டாமல் நுழைய வேண்டும் என்பதற்காக அறையின் முன்பகுதி தாராளமாகக் கடையப்பட்டிருக்கிறது. சுட்ட கோதை முழுநீளமும் அமுக்கி மூல அளவுக்குக் கொண்டுவந்தால், அடுத்த சூட்டில் அது மறுபடி அந்தத் தாராள இடம் முழுவதும் நீள வேண்டும். சில தடவைகளிலேயே அடி கழன்றுவிடும். கழுத்தை மட்டும் அமுக்கி, அதே துவக்குக்கே அந்தக் கோதை வைத்துக்கொண்டால் அதன் ஆயுள் கூடும். ஆக, எந்தத் துவக்கில் சுட்டது என்பதும் கோதின் வரலாற்றில் சேர்த்தி.

இனி வன்னி மண்ணுக்கு வருவோம். இங்கே கிடக்கும் கோதின் கதையை யார் எழுதிவைத்தார்கள்? 1987 முதல் 1990 வரை நின்ற இந்தியப் படையினர் 7.62×51 சுடும் துவக்குகளோடு வந்தார்கள். பின்னர் அரச படை, புலிகள் என இரு தரப்பிடமும் பெருகியது 7.62×39. சீனத் தயாரிப்பான அந்த ரவைகளில் பல, செம்புப் பூச்சுப் போட்ட உருக்குக் கோது உடையவை. உருக்கு, பித்தளையைப் போல அச்சுக்கு இணங்காது, துருவும் ஏறும். அடியில் மருந்தைப் பற்றவைக்கும் கேப் எரியும் அமைப்பும் வேறு. மீள்நிரப்புவோர் விரும்பும் கோதில் நடுவே ஒரே துளை இருக்கும். பழைய கேப்பை அதனூடாகக் கம்பியால் தள்ளலாம். இராணுவக் கோதுகளில் பலவற்றில் ஓரமாக இரண்டு சிறு துளைகள் இருப்பதால் அந்தக் கம்பி பயன்படாது.

பித்தளையே கிடைத்தாலும் நம்ப முடியாது என்பதற்கு இந்தத் துணைக்கண்டமே சாட்சி. பிரித்தானியரின் இந்தியப் படையில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த ரவைகளின் பித்தளைக் கோதுகள் தாமாகவே விரிசல் விட்டுப் பிளந்தன. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அமோனியா, குளிர்நிலையில் இழுத்த பித்தளைக்குள் தங்கியிருந்த இறுக்கத்தோடு சேர்ந்து உலோகத்தைப் பிளந்தது என்பது 1921இல் ஆராய்ந்து விளக்கப்பட்டது. மிதமாகச் சூடாக்கி அந்த இறுக்கத்தைத் தளர்த்துவதே பரிகாரம் ஆனது. மாட்டுப்பட்டியும் யூரியா வீசும் வயலும் உள்ள ஊரில், பல மாரிகள் மண்ணுக்குள் கிடந்த கோதுக்கு நேர்ந்திருக்கக்கூடியதை இதிலிருந்து ஊகிக்கலாம். அந்த விரிசல் மயிரிழை அளவாக உள்ளேயே இருக்கக்கூடும். நீளத்தை அளக்கும் கருவி அதைக் காணாது.

அனுமதிப்பத்திரமின்றி ரவை செய்வது இலங்கையில் குற்றம் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். சட்டத்தை ஒருபக்கம் வைத்தாலும் என் தீர்ப்பு மாறாது. வரலாறு தெரிந்த கோதுக்கு இது நேர்த்தியான, பயனுள்ள வேலை. வரலாறு தெரியாத கோதுக்கு எவ்வளவு நுணுக்கமாக வெட்டினாலும் இது கண்மூடித்தனம்.

பொறுக்கி விற்பதாவது நல்லதல்லவா என்று கேட்கலாம். வறுமை கேட்க வைக்கும் கேள்வி அது. 2009க்குப் பிறகு மீள்குடியேறிய குடும்பங்களுக்கு ஒரு கிலோ பித்தளை ஒருநாள் சாப்பாடாக இருந்ததை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் வெற்றுக் கோது தனியாகக் கிடப்பதில்லை. வெடிக்காத ரவை, கைக்குண்டு, மோட்டார் எறிகணை, மிதிவெடி எல்லாம் அதே மண்ணில்தான் கிடக்கின்றன. கண்ணிவெடி அகற்றுவோரின் உலோகம் காட்டும் கருவிக்குக் கோதும் மிதிவெடியின் சிறு உலோகத் துண்டும் ஒன்றுதான்; ஒவ்வொரு சத்தத்தையும் கிளறிப் பார்த்தே ஆகவேண்டும். உலோகத் துண்டுகள் மண்டிக் கிடந்த முகமாலையில் கருவியை விட்டு, வாரியால் மண்ணை அடுக்கடுக்காக வாரவேண்டி வந்தது அதனால்தான். பயிற்சியும் கவசமும் உள்ளவர்களுக்கே அவ்வளவு மெதுவான வேலை அது. சாக்கோடு போகும் ஒருவருக்கு அங்கே பாதுகாப்பு என்று எதுவுமில்லை.

இலங்கை 2017 டிசம்பரில், கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தது. கண்ணிவெடிகளை அகற்றி முடிப்பதற்கான காலக்கெடு 2028 ஜூன் 1. அதுவரைக்கும், அதன் பின்னரும், காணியில் கோதுகள் குவியலாகத் தென்பட்டால் கிண்டாதீர்கள், பிள்ளைகளைப் பொறுக்க விடாதீர்கள். இடத்தை அடையாளமிட்டு, கிராம சேவையாளருக்கோ பொலிசுக்கோ கண்ணிவெடி அகற்றும் குழுவுக்கோ அறிவியுங்கள்.