நிகழ்ச்சியும் பாட்டும்: பீட்டில்ஸ் பாடல்கள் பற்றிய ஓர் ஆய்வு

பாட்டொன்றைக் கேட்டு உள்ளம் நெகிழ்ந்தவர் அடுத்துக் கேட்கும் வினா, "இஃது யாரைப் பற்றியது?" என்பதே. இவ்வினா இன்று நேற்றுத் தோன்றியதன்று. புறநானூற்றுப் பாடல்களின் அடியில், யார் யாரை எந்நிலையில் பாடியது என்னும் குறிப்புக் காணப்படுகிறது. அக்குறிப்பு இல்லையேல் பல பாடல்களின் பொருள் விளங்காது. அகப்பாட்டின் மரபோ வேறு. அங்குத் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய விதி. நிகழ்ந்ததை வெளிப்படக் கூறுவது ஒரு நெறி. பெயரை நீக்கி உணர்வை மட்டும் நிறுத்துவது மற்றொரு நெறி. இவ்விரண்டும் எம்மொழிப் பாட்டுக்கும் பொருந்தும் அளவுகோல்கள். இருபதாம் நூற்றாண்டில் உலகெங்கும் புகழ்பெற்ற ஆங்கில இசைக்குழுவாகிய பீட்டில்ஸின் பாடல்களை இவற்றால் அளந்து பார்க்கலாம்.

லிவர்பூல் துறைமுக நகரிற் பிறந்த ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் ஆகிய நால்வரும் 1970ஆம் ஆண்டில் பிரிந்தனர். தொடக்கத்தில் பிறர் பாடல்களை மிகுதியாகப் பாடிய இவர்கள், நாளடைவில் தம் பாடல்களைத் தாமே இயற்றிக்கொண்டனர். அப்பாடல்களுக்குப் பின்னுள்ள உண்மைக் கதைகளைக் கூறும் நூல்கள் பல வந்துள்ளன. கதை தெரிந்துவிட்டால் பாட்டும் விளங்கிவிட்டது என்று எண்ணுவோர் பலர். அவ்வெண்ணம் எவ்வளவு பொருந்தும் என்பதே ஆராயத் தக்கது.

1967ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் லண்டன் 'டெய்லி மெயில்' நாளிதழில் ஒரு செய்தி வந்தது. பதினேழு வயதுப் பெண்ணொருத்தி வீட்டை விட்டுப் போய்விட்டாள். எல்லா வசதியும் இருந்தும் ஏன் போனாள் என்று தந்தை திகைத்தார். இதைப் படித்த மெக்கார்ட்னி, லெனனுடன் சேர்ந்து 'ஷீஸ் லீவிங் ஹோம்' என்னும் பாட்டை இயற்றினார். நாளிதழ் கூறியது காணாமற்போன ஒரு பெண்ணைப் பற்றி. பாட்டிலோ இரு குரல்கள் கேட்கின்றன. மெக்கார்ட்னி மகளின் புறப்பாட்டைக் கூறிச் செல்ல, லெனன் பெற்றோரின் குரலாக நின்று, தாம் பட்ட பாட்டைச் சொல்லி வருந்துகிறார். நால்வரில் எவரும் இதில் கருவி இசைக்கவில்லை. நரம்புக் கருவிகள் மட்டுமே உடன் ஒலிக்கின்றன. கொடியவர் என்று எவரையும் இப்பாட்டுக் காட்டவில்லை. பொருள் கொடுத்தோம், இன்னும் என்ன குறை என்று நிற்கும் பெற்றோரும் இரங்கத்தக்கவர். குறை இன்னதென்று சொல்ல இயலாமற் போன மகளும் இரங்கத்தக்கவள். செய்தியில் இல்லாத இந்த நடுவுநிலைதான் புலவன் சேர்த்த பொருள்.

அதே இசைத்தட்டில் 'மிஸ்டர் கைட்' பற்றிய பாட்டு ஒன்றும் உண்டு. 1843ஆம் ஆண்டில் ராச்டேல் நகரில் நடந்த பாப்லோ ஃபேங்கின் சர்க்கஸ் விளம்பரத் தாளை லெனன் ஒரு பழம்பொருட் கடையில் வாங்கினார். அத்தாளிலிருந்த பெயர்களும் வேடிக்கைகளும் சிற்சில மாற்றங்களுடன் பாட்டில் ஏறிவிட்டன. உண்மைச் செய்தி மிகுதியாக உள்ள பாட்டு எதுவென்றால் இதனையே சொல்ல வேண்டும். செவிக்கு இஃது ஒரு திருவிழா. ஆயினும், கைட் என்பவர் மகிழ்ந்தாரா வருந்தினாரா என்பதைக் கேட்பவர் அறியார். செய்தியின் அளவு வேறு, பாட்டின் ஆழம் வேறு என்பதற்கு இது தக்க சான்று.

இனி, பெயரை மறைத்ததால் உயர்ந்த பாட்டொன்றைக் காண்போம். 1968இல் லெனனும் அவர் மனைவி சிந்தியாவும் பிரிந்தனர். அவர்களின் மகன் ஜூலியனுக்கு அப்போது வயது ஐந்து. தாயையும் மகனையும் காணக் காரோட்டிச் சென்ற மெக்கார்ட்னி, வழியில் அச்சிறுவனுக்கு ஆறுதலாக ஒரு பாட்டைப் புனையத் தொடங்கினார். முதலில் அவன் பெயரே அதில் இருந்தது. பின்னர் அது 'ஜூட்' என மாறியது. பாடுவதற்கு எளிது என்பதே அவர் கூறிய காரணம். விளைந்த பயனோ பெரிது. சிறுவனின் தந்தையாகிய லெனனே அப்பாட்டைத் தமக்குச் சொல்லியதாகக் கேட்டார். அவ்வாறே பிற்காலப் பேட்டியிலும் கூறினார். ஏழு நிமிடத்திற்கு மேல் நீளும் அப்பாட்டின் பிற்பகுதியில் பொருளுள்ள சொற்கள் அருகி, பலர் கூடிப் பாடும் ஓசையே நிறைகிறது. ஒரு குழந்தைக்குச் சொன்ன ஆறுதல் ஊரார் ஆறுதலாகிவிட்டது.

பெயரைக் கூறியதாலேயே பாட்டுக் குன்றிவிடும் என்பதன்று. இருவரும் இளமையில் தாயை இழந்தவர்கள். மெக்கார்ட்னியின் தாய் மேரி, மருத்துவத் தாதி. 1956இல் புற்றுநோயால் மறைந்தபோது மகனுக்கு வயது பதினான்கு. லெனனின் தாய் ஜூலியா 1958இல் கார் மோதி இறந்தார். லெனன் 1968இல் தாயின் பெயரையே தலைப்பாக்கித் தனியே கிதார் மீட்டிப் பாடினார். அங்குக் கேட்பவர், பிறர் துயரைக் கதவோரம் நின்று கேட்பது போல் அடங்கி நிற்கிறார். மெக்கார்ட்னியோ, கனவில் வந்து தேற்றிய அன்னையை 'லெட் இட் பி' என்னும் பாட்டில் பெயர் சொல்லியே பாடினார். அப்பெயர் ஏசுநாதரின் அன்னைக்கும் உரியதாகையால், சமயப் பற்றுடையோர் அதனை வழிபாட்டுப் பாட்டாகவே கொண்டனர். இவற்றுள் ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று கூறுவதற்கில்லை. முன்னது இழப்பைக் காட்டுகிறது. பின்னது இழந்தவர் அனைவருக்கும் இடம் தருகிறது.

கதை தேடுவோர் வழி தவறும் இடமும் உண்டு. 1966இல் வெளிவந்த 'எலினார் ரிக்பி' தனிமையில் வாடும் ஒரு பெண்ணைப் பாடுவது. லிவர்பூலின் உல்டன் பகுதியிலுள்ள புனித பீட்டர் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில், 1939இல் மறைந்த அப்பெயருடைய ஒருவரின் கல் இருக்கிறது. அத்தேவாலய விழாவில்தான் லெனனும் மெக்கார்ட்னியும் 1957இல் முதன்முதல் சந்தித்தனர். ஆகவே கல்லைக் காண மக்கள் வருகின்றனர். மெக்கார்ட்னியோ, அப்பெயரை ஒரு நடிகையின் பெயரிலிருந்தும் பிரிஸ்டல் நகர்க் கடைப்பலகை ஒன்றிலிருந்தும் எடுத்ததாகக் கூறினார். பெயர் எங்கிருந்து வந்தால் என்ன? இளமையில் தனித்து வாழ்ந்த முதியவர்களுக்கு உதவிய நினைவையும் அவர் குறிப்பிட்டுள்ளார். பாட்டின் உயிர் அந்த நினைவில் இருக்கிறது. கல்லைப் படம் பிடித்துத் திரும்புவோர், தம் தெருவிலேயே தனித்திருக்கும் முதியவரைக் காணாது போவாராயின், அவர்கள் பாட்டைக் கேட்டவர் ஆகார்.

பாட்டின் பின்னுள்ள கதையைத் தேடுதல் தவறன்று. அது கற்போர்க்குத் துணை. ஆனால் நிகழ்ச்சி எல்லார்க்கும் நேர்கிறது. நாளிதழும் எல்லார் கையிலும் இருக்கிறது. அதனுள் பிறர் உள்ளத்தைக் கண்டு, அதற்கு இசையில் இடம் கொடுத்தவரே பாவலர். அவர் எதைச் சேர்த்தார், எதை நீக்கினார் என்று நோக்குவதே பாட்டை அறியும் வழியாகும்.