வாக்கின் எடையும் எழுத்தின் விலையும்

எழுதுபவனுக்குக் கூலி வேண்டும். இதைச் சொல்ல நாம் வெட்கப்படத் தேவையில்லை. எமது புலம்பெயர் சஞ்சிகைகள் பெரும்பாலும் எழுதியவருக்குப் பணம் கொடுத்ததில்லை. அச்சுக்கூலியையே கைக்காசில் கட்டியவர்கள் பலர். இதைத் தியாகமென்று பாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. இரவு குசினி வேலை முடித்துவந்து எழுதக் குந்துபவனின் நித்திரையும் ஒரு செலவுதான்.

ஆகவே, 2016இல் நெட் ஸ்கொட், டான் லாரிமர் ஆகியோர் அமெரிக்காவில் தொடங்கிய 'ஸ்டீமிற்' என்ற இணைய எழுத்துத்தளம் தந்த வாக்குறுதியை நான் எள்ளிநகையாட மாட்டேன். எழுதுங்கள், வாசகர்கள் வாக்களிப்பார்கள், அதற்கேற்பத் தளத்தின் சொந்த நாணயமான 'ஸ்டீம்' உங்களுக்குக் கிடைக்கும் என்றது அது. இடையில் ஆசிரியரும் இல்லை, முதலாளியும் இல்லை என்று பலர் நம்பினார்கள்.

ஆனால் அந்த வாக்கு யாருடையது? ஆளுக்கொரு வாக்கு என்ற கணக்கு அங்கே இல்லை. ஸ்டீமை வாங்கியோ சம்பாதித்தோ தளத்தில் முடக்கிவைத்த தொகை எவ்வளவோ, அவ்வளவு எடை அவரவர் வாக்குக்கு. கையில் காசில்லாத நூறுபேர் வாசித்து வாக்களித்தாலும் சில சதங்களே தேறும். 'திமிங்கிலம்' எனப்பட்ட பெரும் கையிருப்புக்காரர் ஒருவர் பொத்தானை அழுத்தினால் டொலர்கள் விழும். கூடுதலாகச் சம்பாதித்த எழுத்தே முன்பக்கத்திலும் மேலே நின்றது. பார்வையும் பணத்தின் பின்னாலேயே போயிற்று.

பிறகு வாக்கே சரக்காயிற்று. காசு அனுப்பினால் வாக்குப்போடும் தானியங்கிகள் வந்தன. தன் எழுத்துக்குத் தானே காசு கொடுத்து அதை மேலே ஏற்றலாம். 2019 ஆகஸ்டில் விதிகளைத் திருத்தி, வாக்களிப்போரின் பங்கை 25 வீதத்திலிருந்து 50 வீதமாக்கினார்கள். எதிர்வாக்குப் போடுவதையும் இலகுவாக்கினார்கள். எடையில் கைவைக்கவில்லை. 2020 பெப்ரவரியில் யஸ்ரின் சன் அந்த நிறுவனத்தை வாங்கினார். எதிர்த்தவர்கள் மார்ச்சில் பிரிந்து 'ஹைவ்' என்று தனியே தொடங்கினார்கள். அங்கும் வாக்கின் எடை கையிருப்பின் எடைதான்.

உணவகத்தில் வேலை செய்பவர்களுக்குத் தெரியும்: ருசிக்காக விழும் ரிப்ஸ் முதலில் பரிமாறுபவனின் கைக்கே போகும். குசினிக்குள் நிற்பவனை எவரும் காண்பதில்லை. இது அநீதிதான். ஆனாலும் ரிப்ஸ் வைப்பவர் சாப்பிட்டுவிட்டுத்தான் வைக்கிறார். ஸ்டீமிற்றிலோ கோப்பையைத் தொடாமலே காசு வைக்க முடிந்தது. வாசிக்காதவரின் வாக்கு தரத்தின் அளவுகோலானால், நல்ல எழுத்து தோற்றது என்றுகூடச் சொல்ல முடியாது. அது போட்டிக்கே வரவில்லை.

எமது சஞ்சிகைகள் மட்டும் சுத்தமானவையா? நண்பர் வட்டங்களும் இயக்கச் சார்புகளும் இங்கேயும் எழுத்தை ஏற்றியும் இறக்கியும் இருக்கின்றன. என்றாலும் ஒரு கட்டுரையைத் திட்டி அடுத்த இதழுக்கு நாலு பக்கம் எழுதி அனுப்பியவர், அதை வரிவரியாக வாசித்திருந்தார். கூலி கொடுக்கும் ஏற்பாட்டை யார் செய்தாலும், அப்படி வாசித்தவரின் சொல்லுக்கு அதில் என்ன எடை என்பதையே நாம் முதலில் கேட்கவேண்டும்.