சக்கரத்தைத் தொடாத கை

ஸ்டூடியோ குயவர்களை அறிமுகப்படுத்தும் கண்காட்சிக் குறிப்புகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை: தானே மண் பிசைகிறார், தானே வனைகிறார், தானே சூளை வைக்கிறார், பாண்டத்தின் அடியில் தன் முத்திரையைப் பதிக்கிறார். பெர்னார்ட் லீச் 1940இல் வெளியிட்ட ‘எ பாட்டர்ஸ் புக்’ இந்தப் பிம்பத்துக்கு ஏறக்குறைய வேதம். தொடக்கம் முதல் முடிவுவரை வேலை ஒருவர் கைக்குள் இருப்பது நல்ல ஆசைதான். ஆனால் இந்த அளவுகோலை வேலூர்ப் பக்கம் கொண்டுவந்தால் யார் குயவர் ஆகிறார், யார் ஆகாமல் போகிறார்?

காட்பாடியை அடுத்த கரிகிரியை இன்று பலரும் தொழுநோய் மருத்துவமனையால் அறிவார்கள். அதற்கு முன்பே மெருகிட்ட மண்பாண்டத்துக்குப் பெயர்போன ஊர் அது. பிரிட்டிஷ் காலத்தில் இத்தகைய பாண்டங்களைச் சேகரித்தவர்கள் பொதுவாக ஊரின் பெயரைக் குறித்துக்கொண்டார்கள், செய்தவர் பெயரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சக்கரத்தின் முன் உட்கார்ந்த ஆணின் பெயர்தான் கிடைத்திருக்கும்.

தமிழ்நாட்டுக் குயவர் வீடுகளில் சக்கரம் ஆணுடையது. மண்ணை உலர்த்தி, உடைத்து, சலித்து, ஊறவைத்து, மிதித்துப் பதம் பார்ப்பதில் பெரும்பங்கு பெண்ணுடையது. பானைக்குச் செம்மண் குழம்பு பூசுவதும், சூளைக்கு வரட்டியும் வைக்கோலும் சேர்ப்பதும், தலைச்சுமையாகச் சந்தைக்குக் கொண்டுபோய்ப் பேரம் பேசுவதும் அவள்தான். இவ்வளவுக்கும் பெயர் ‘கூடமாட ஒத்தாசை’. சக்கரத்திலிருந்து அறுத்தெடுக்கும் பெரிய பானைக்கு அடிப்பகுதியே இருக்காது. பிறகு பலகையாலும் கல்லாலும் தட்டித் தட்டித்தான் வயிறு விரிந்து அடி மூடும். ஆக, சக்கரம் தருவது பாதிப் பானை.

பெண்ணை ஏன் சக்கரத்தில் உட்கார விடவில்லை என்று கேட்டால் ஒரு பதில் தீட்டு, இன்னொன்று வலு. மின்சக்கரம் வந்தபின் வலு என்ற காரணம் செத்துவிட்டது. மணிப்பூரின் ஆந்த்ரோ கிராமத்தில் சக்கரமே இல்லாமல் பெண்கள்தான் பாண்டம் செய்கிறார்கள். அவர்களைக் குயவர் இல்லை என்று யாரும் சொல்வதில்லை.

புதுச்சேரியில் 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பட்டறை, தமிழ்நாட்டுக் குயவர் சாதிக்கு வெளியிலிருந்து வந்த பல பெண்களுக்குச் சக்கரத்தைத் தந்தது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்தப் பட்டறையின் கதையில் மீக்கரின் சூளைகளும் மாணவர்களும் பேசப்படும் அளவுக்கு, உள்ளூர்த் தொழிலாளர்களைப் பழக்கி அன்றாடத் தட்டும் கோப்பையும் செய்யும் உற்பத்தியை நடத்திய டெபோராவின் உழைப்பு பேசப்படுவதில்லை. மண் தயாரித்த தொழிலாளர்கள் இன்னும் பின்னால். ‘தனித்து இயங்கும்’ என்ற அடைமொழிக்குப் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கும் விமர்சனம் நம்மிடம் இல்லை.

பாலாற்றங்கரையில் இந்த எண்ணிக்கை இன்னும் கசக்கும். தோல் பதனிடும் ஆலைகள் ஆற்றைக் கெடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தந்த தீர்ப்பு, சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானதாக ஓர் ஆய்வை எடுத்துக்காட்டியது. விளைநிலத்தை அளந்த கணக்கு அது. பானைக்கு மண் எடுக்கும் ஏரிப் படுகை அதில் வராது. மண்ணும் நீரும் கைவிட்டால் வீட்டுத்தொழில் ஆடும். ஆம்பூரில் ஷூ கம்பெனியின் தையல் மேசை காத்திருக்கிறது. அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அது கடினமான வேலை, கூலியும் சொற்பம். ஆனால் அங்கே அவள் பெயருக்கு நேராக ஒரு சம்பளம் எழுதப்படுகிறது. குலத்தொழில் அழிகிறதே என்று உருகும் கட்டுரைகள் இந்த வரியை மட்டும் படிப்பதில்லை.

ஏரி, குளங்களில் மண்பாண்டத் தொழிலாளர்கள் வட்டாட்சியர் அனுமதியோடு இலவசமாகக் களிமண் எடுக்கலாம் என்று 2024இல் தமிழக அரசு நடைமுறையை எளிதாக்கியது. நல்லது. எடுத்துவந்த மண்ணிலிருந்து கல்லும் வேரும் பொறுக்க எத்தனை நாள் ஆகும் என்பதை அவளிடம்தான் கேட்க வேண்டும்.