குளிர்காப்பகத்து நெல்லும் குடியானவன் நெல்லும்

ஆற்றுப்படுகையிலும் மலைச்சரிவிலும் கடலோரத்து உவர்நிலத்திலும் ஆசியக் குடியானவர்கள், ஏட்டுப் படிப்பின் துணையின்றிக் கண்ணையும் கைப்பழக்கத்தையுமே ஆதாரமாகக் கொண்டு, அறுவடைதோறும் அடுத்த பட்டத்துக்குரிய கதிர்களைத் தெரிந்தெடுத்துக் காத்து வந்ததன் பயனே, இன்று உலகத்தின் பொதுச்சொத்தாகக் கருதப்படும் நெல்லின் வம்ச வேறுபாடு. வெள்ளத்தில் அமிழ்ந்தும் அழுகாதது, உவரைப் பொறுப்பது, மானாவாரியில் விளைவது, அறுபது எழுபது நாளில் முதிர்வது, ஆறு மாதம் நின்று முதிர்வது என்று அது விரிகிறது. இந்தச் செல்வத்தைக் காப்பது அவசியம் என்பதில் எவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை; எங்கே, எவ்வாறு, யாருடைய பொறுப்பில் காப்பது என்பதிலேயே விவாதம் எழுகிறது. கடந்த அறுபது ஆண்டுகளாக உலகம் பெரிதும் நம்பியிருக்கும் குளிர்காப்பக முறையின் நன்மையையும் குறையையும் பட்சபாதமின்றிச் சீர்தூக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அம்முறை தோன்றிய சந்தர்ப்பத்தை முதலில் நினைவிற்கொள்ள வேண்டும். 1960-இல் பிலிப்பைன்ஸ் நாட்டு லாஸ் பான்யோஸில் நிறுவப்பெற்ற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம், 1966-இல் ஐ.ஆர். 8 என்ற குட்டை ரகத்தை வெளியிட்டது. உணவுப் பஞ்சத்துக்கு அஞ்சியிருந்த நாடுகளுக்கு அது செய்த உபகாரத்தை மறுப்பது நன்றி மறத்தலாகும். ஆனால் நெருங்கிய உறவுடைய ஒரு சில ரகங்கள் நாடுகடந்து பரவியபோது, ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்த பழைய ரகங்கள் வயலைவிட்டும் பத்தாயத்தைவிட்டும் மறையத் தொடங்கின. புதிய ரகங்களுக்குப் பெற்றோராக அமைந்தவை அப்பழைய ரகங்களே ஆதலால், விஞ்ஞானம் தன் மூலப்பொருளைத் தானே அழிக்கும் நிலை உண்டாயிற்று. அதை உணர்ந்தே அந்நிலையம், டி. டி. சாங் என்ற மரபியல் அறிஞரின் மேற்பார்வையில், பல நாட்டு நெல்விதைகளைச் சேகரித்து உலர்த்தி, காற்றுப் புகாதபடி அடைத்து, குளிரறைகளில் வைத்தது. இன்று அங்கே 1,30,000-க்கு மேற்பட்ட மாதிரிகள் இருக்கின்றன. நீண்டகாலத்துக்குரியவை பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி குளிரில் உறங்குகின்றன. மறுபிரதிகள் நார்வே நாட்டு ஸ்வால்பார்டில் 2008-இல் திறந்த பாதாள அறையிலும் வைக்கப்பட்டுள்ளன.

இந்த முறையின் பிரயோஜனத்துக்குச் சான்றுகள் பல. 1970-களில் புகையான் பூச்சி பரப்பிய ஒரு நச்சுயிரி நோய், ஆசிய வயல்களில் நெற்பயிரைக் குட்டையாக்கிப் புல்போலத் தூர்கட்டச் செய்து பாழாக்கியபோது, 6,000-க்கு மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்த விஞ்ஞானிகளுக்கு அதை எதிர்க்கும் சக்தி கிடைத்தது உத்தரப் பிரதேசத்திலிருந்து சேகரித்த ஒரைசா நிவாரா என்ற காட்டுநெல்லின் ஒரே மாதிரியில்தான். அந்தக் குணத்தை ஏற்ற ஐ.ஆர். 36 ரகம் 1976-இல் வெளிவந்து, அடுத்த பத்தாண்டில் ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல் பயிராயிற்று. அதன் வம்சாவளியில் நம் திரூர்க்குப்பத்து டி.கே.எம். 6 ரகமும் கேரளத்துப் பட்டாம்பி ரகங்களும் கலந்திருக்கின்றன என்பது, நெல்லின் விஷயத்தில் எந்த நாடும் தனித்து வாழவில்லை என்பதைக் காட்டும். அவ்வாறே, ஒடிசாவின் நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர். 13ஏ என்ற ரகத்தில், ஏறத்தாழ இரண்டு வாரம் நீரில் மூழ்கியும் பிழைக்கும் குணத்துக்குக் காரணமான மரபணு 2006-இல் இனங்காணப்பட்டு, அதை ஏற்றிய ஸ்வர்ணா-சப்1 ரகம் 2009-இல் இந்தியாவில் வெளியாயிற்று. கம்போடியாவில் 1970-களின் யுத்தமும் கொடுங்கோலாட்சியும் வயல்களைச் சீரழித்தபோது, முன்பே சேகரித்துக் காப்பகத்தில் வைத்திருந்த அந்நாட்டு ரகங்களில் எழுநூற்றுக்கு மேற்பட்டவை பின்னர் அதன் குடியானவர்களுக்கே திரும்பிச் சென்றன. இம்மூன்று நிகழ்ச்சிகளையும் அறிந்தவர் குளிர்காப்பகத்தை வீண் ஆடம்பரம் என்று ஒருபோதும் சொல்லார்.

ஆயினும் குறைகளும் உள்ளன. அவற்றுள் முதலாவது அம்முறையின் அடிப்படையிலேயே அமைந்தது. வயலில் விளையும் நெல் ஆண்டுதோறும் புதிய பூச்சியையும் புதிய நோயையும் பருவமழையின் மாறுதலையும் சந்தித்து, அவற்றுக்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்டே செல்கிறது. குளிரறையில் இருக்கும் நெல்லோ, சேகரித்த ஆண்டிலேயே நின்றுவிடுகிறது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அதை வெளியே எடுக்கும்போது, தான் அறியாத வெப்பத்தையும் தான் காணாத நோயையும் அது எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது.

இரண்டாவது குறை, புதுப்பித்தலில் நேர்வது. எவ்வளவு குளிரிலும் விதையின் முளைப்புத் திறன் என்றோ ஒருநாள் குன்றுகிறது. அப்போது அதை விதைத்துப் புதுவிதை எடுத்தாக வேண்டும். ஓலைச்சுவடியைப் பிரதி செய்யுந்தோறும் ஏட்டில் பிழை புகுவதுபோல, தன் சொந்த மண்ணல்லாத லாஸ் பான்யோஸில் சிறு பாத்தியில் விளைவிக்கும்போது, ஒரு நாட்டு ரகத்துக்குள் கலந்திருந்த அரிய குணங்கள் சில கைநழுவிப் போகக்கூடும். காப்பகக் கட்டடங்களும் ஆபத்துக்கு அப்பாற்பட்டவை அல்ல. அதே ஊரிலுள்ள பிலிப்பைன்ஸ் நாட்டுத் தேசிய விதைக்காப்பகம், 2006-இல் சூறாவளி கொணர்ந்த வெள்ளத்துக்கும் 2012-இல் தீக்கும் இரையாயிற்று.

மூன்றாவதும் வருந்தத்தக்கதுமான குறை, விதை வந்து சேர, அதைப் பற்றிய ஞானம் ஊரிலேயே தங்கி மறைந்ததாகும். எந்த மண்ணில் எந்தப் பட்டத்தில் விதைப்பது, பிள்ளை பெற்றவளுக்கு எதைச் சமைப்பது, விதைநெல்லை எவ்வாறு பதப்படுத்துவது என்பவற்றைப் பெரும்பாலும் பெண்களே அறிந்திருந்தனர். சேகரித்தவர்களின் பதிவேட்டிலோ பல மாதிரிகளுக்கு ஊரும் பேருமே மிஞ்சின.

உரிமைப் பிரச்சினை இவற்றினும் சிக்கலானது. கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக இருந்த ஆர். எச். ரிச்சாரியா, பின்னர் இன்றைய சத்தீஸ்கர் பகுதியில் திரட்டிய ஏறத்தாழ 19,000 நெல் மாதிரிகள் ராய்ப்பூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் வசம் இருந்தன. 2002-இல் ஒரு பன்னாட்டு விதை நிறுவனம் அவற்றை ஆராயும் உடன்படிக்கைக்கு முன்வந்தபோது மக்கள் வெகுண்டெழுந்தனர், நிறுவனம் பின்வாங்கியது. 2001-இல் ஏற்கப்பட்டு 2004-இல் நடைமுறைக்கு வந்த சர்வதேசத் தாவர மரபுவள உடன்படிக்கை இத்தகைய பூசல்களுக்கு நியாயமான வழி காண முயன்றது. நெல்விதை எந்த நாட்டு ஆராய்ச்சியாளருக்கும் எளிதில் கிடைக்கச் செய்தமை அதன் பெருமை. ஆனால் 2006-இல் வகுத்த மாதிரி ஒப்பந்தப்படி, தாம் உருவாக்கிய ரகத்தைப் பிறர் ஆராய்ச்சிக்குத் தடுத்து விற்பவரே லாபத்தில் பங்கு செலுத்தக் கட்டாயப்பட்டவர். மற்றவர் விருப்பமிருந்தால் செலுத்தலாம். உழவர் உரிமையை நிறைவேற்றும் பொறுப்போ அந்தந்த அரசுக்கே விடப்பட்டது. விதையை எடுக்கும் வழி செப்பமாகவும், அதன் பயனை உழவனுக்குத் திருப்பும் வழி கரடுமுரடாகவும் இருப்பது நீதியாகாது.

அப்படியானால் காப்பகத்தை ஒதுக்கி, வயலிலேயே காத்தால் போதாதா என்று கேட்கலாம். திருவாரூர் மாவட்டத்து ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 2006 முதல் நடத்திய விதைத் திருவிழா இவ்வழியின் வலிமையைக் காட்டிற்று. இரண்டு கிலோ நாட்டுவிதை பெற்றவர் மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பவேண்டும் என்ற எளிய நியதியால், மறைந்துகொண்டிருந்த ரகங்கள் ஆயிரக்கணக்கான உழவர் கைக்கு மீண்டன. ஆனால் இதற்கும் பலவீனங்கள் உண்டு. ஒரு வறட்சியோ ஒரு புயலோ ஓர் ஊரின் விதையை ஒரே பருவத்தில் அழித்துவிடும். சந்தையில் மவுசு பெற்ற மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் செழிக்க, மதிப்பறியப்படாத ரகங்கள் மறுபடியும் ஒதுங்குகின்றன. யாவற்றினும் முக்கியமானது, உலகத்தின் நாளைய பஞ்சத்தைத் தடுக்க இன்றைய ஏழை உழவன் குறைந்த விளைச்சலோடு திருப்தியடையட்டும் என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை என்பதாகும். வறுமையை அஸ்திவாரமாகக் கொண்ட பாதுகாப்பு நிலைக்காது, நிலைப்பதும் நல்லதன்று.

ஆகவே, எல்லாவற்றையும் எண்ணிப் பார்க்குமிடத்து, குளிர்காப்பகம் இன்றியமையாத காப்புறுதியே ஆயினும், நெல்லின் இருப்பிடம் வயலே என்பது என் துணிபு. ஒரு காப்பகத்தின் பெருமையை அதில் அடைந்து கிடக்கும் மாதிரிகளின் எண்ணிக்கையால் மட்டும் அளவிடாமல், பிறந்த ஊருக்கு அவற்றுள் எத்தனை மீண்டு சென்றன என்பதாலும் அளவிட வேண்டும். நாட்டு ரகங்களை வயலில் பேணும் உழவருக்கு, விளைச்சலில் குறைவதை ஈடுசெய்யும் ஊதியத்தை அரசாங்கமும், அவ்விதைகளால் லாபமடையும் நிறுவனங்களும் ஆண்டுதோறும் கட்டாயமாக வழங்க வேண்டும். குளிரறையின் மின்சாரத்துக்கு நிதி ஒதுக்கத் தெரிந்த உலகம், அந்த விதையைப் பத்தாயிரம் ஆண்டு காத்துத் தந்தவர்களின் சந்ததிக்கும் நிதி ஒதுக்கட்டும்.