ஊரிடம் கேட்டுப் படிக்கும் பாடம்

காந்தி நூற்றாண்டான 1969-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்த கல்லூரி மாணவர்கள் மரம் நட்டார்கள், குளம் தூர்வாரினார்கள், ரத்தம் கொடுத்தார்கள். இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணி, தத்தெடுத்த கிராமத்தில் ஏழு நாள் முகாம் என்று அது ஒரு நல்ல பழக்கத்தை உண்டாக்கியது. ஆனால் முகாமில் மண்வெட்டி பிடித்த வேதியியல் மாணவருக்கு அவர் படித்த வேதியியல் அங்கே தேவைப்படவே இல்லை. சமூகப் பணியைப் பாடத்துக்குள்ளேயே கொண்டுவரச் சொல்லிப் பல்கலைக்கழக மானியக் குழு இப்போது வலியுறுத்துவதை நான் வரவேற்பது இதனால்தான். சரியாக நடந்தால் என்ன கிடைக்கும் என்பதற்குத் தருமபுரித் தண்ணீரே போதும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க ஆகாது என்பது இந்தியத் தர அளவு. தாண்டிய இடங்களில் பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை படிகிறது. ஆண்டுக்கணக்கில் குடித்தவர்களுக்கு மூட்டுகள் இறுகிப்போகின்றன. ஒரு வகுப்பு அங்கே போர்வெல் போர்வெல்லாக நீர் எடுத்துப் பரிசோதித்தால் செய்முறைப் பயிற்சி முடிந்துவிடும், படிப்பு அதற்குப் பிறகுதான் தொடங்கும். "நாங்க காய்ச்சித்தான் குடிக்கிறோம் தம்பி" என்று ஒரு அம்மா சொன்னால், காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது, நீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும் என்பதை அவருக்கு விளங்கும்படி சொல்லத் தெரிய வேண்டும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகும் ஒரு தெரு ஏன் போர்வெல்லை நம்பியிருக்கிறது என்று கேட்டால், வேதியியல் வகுப்பு பொருளியலுக்குள்ளும் உள்ளாட்சிக்குள்ளும் போய்விடும்.

நடப்பது பெரும்பாலும் இப்படி இல்லை. காலை பத்து மணிக்குக் கல்லூரிப் பேருந்து வந்து நிற்கும்போது ஊரில் பலர் கூலி வேலைக்குப் போயிருப்பார்கள். வீட்டில் இருப்பவரிடம் வருமானம் எவ்வளவு, கழிப்பறை உண்டா என்று படிவம் நிரப்பப்படுகிறது. போன வருடம் வந்த பிள்ளைகளும் இதையேதான் கேட்டார்கள் என்று அவர் சொல்வதற்குப் படிவத்தில் இடமில்லை. கல்லூரிகளுக்கான நாக் (NAAC) தரமதிப்பீட்டுக்கு ஜியோ டேக் செய்த புகைப்படம் வேண்டும், அது எடுத்தாகிவிட்டது. ஊர் கொடுத்த தகவல் ஊருக்குத் திரும்பி வருவதில்லை. ஏழைகளின் நேரத்தை இப்படி எடுத்துக்கொள்வது அநியாயம்.

இன்னொரு குறை இதைவிட ஆழமானது. மாணவர்களின் விழிப்புணர்வுப் பேரணி ஊர்த்தெருவிலேயே முடிந்து, தலித் மக்கள் வாழும் காலனிக்குள் நுழையாமல் திரும்பினால், 'ஊருக்கு உதவினோம்' என்று அறிக்கை எழுதும் மாணவர் அந்த ஊர்க் கணக்கில் யாரைச் சேர்க்கவில்லை என்பதையே பார்க்காமல் பட்டம் வாங்கிவிடுவார். சாதியைத் தொடாத சமூகப் பாடம் பாதிப் பாடம்கூட இல்லை.

மாணவர் வெளியிலிருந்து உதவ வருகிறவர் என்ற நினைப்பும் நமக்குப் பொருந்தாது. அரசுக் கல்லூரிகளில் படிப்பவர்களில் பலர் இதே போன்ற கிராமங்களின் பிள்ளைகள், மாலையில் கேட்டரிங் வேலைக்குப் போகிறவர்களும் அவர்களில் உண்டு. இவர்களைப் பேருந்தில் ஏற்றி இன்னொரு கிராமத்தைக் காட்டுவதைவிட, தங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவரச் சொல்வது மேல். தன் ஊரைப் பற்றிய கேள்வியோடு வருபவர் அரைமனதாகப் படிக்க மாட்டார்.

இதற்கெல்லாம் ஆசிரியருக்கு நேரம் வேண்டும். களவேலையை அவருடைய பணிச்சுமையில் கணக்கிடாதவரை படிவம்தான் மிஞ்சும். மதிப்பெண்ணையும் மணிக்கணக்குக்குப் போடக் கூடாது, கிராம சபையில் ஊருக்குப் பதில் சொல்வதற்குப் போட வேண்டும். 2022 முதல் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஒரு செமஸ்டருக்குள் வரும். ஜனவரி 26, உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 அடுத்ததற்குள். ஜனவரி சபையில் மாணவர்கள் போய் எதைச் சோதிக்க வேண்டும் என்று ஊரிடம் கேட்கட்டும். மார்ச் சபையில் எந்தப் போர்வெல்லில் எவ்வளவு என்று பெயர் சொல்லி வாசிக்கட்டும், காலனிப் போர்வெல்லையும் சேர்த்து. ஊர்க்காரர்கள் கேட்கும் குறுக்குக் கேள்விகளுக்கு மாணவர்கள் சொல்லும் பதிலுக்கு ஆசிரியர் அங்கேயே மதிப்பெண் போடலாம்.