அட்கின்சனின் கொரோனர்களும் ஒரு சுற்றுவழியும்

மேக்ஸ்வெல் அட்கின்சனின் 'டிஸ்கவரிங் சூயிசைட்' 1978ல் வந்த புத்தகம். ரெண்டாவது முறையாக இப்போதுதான் படித்து முடித்தேன். முதல் முறை தலையாட்டிக்கொண்டே படித்தேன். இந்த முறை நடுநடுவே சண்டை போட வேண்டியிருந்தது.

இங்கிலாந்தில் இயற்கைக்கு மாறான மரணம் என்றால் கொரோனர் விசாரிப்பார். விபத்தா, தற்கொலையா, முடிவு தெரியாததா என்று அவர் சொல்வதுதான் பின்னால் புள்ளிவிவரம் ஆகும். அந்த எண்களை வைத்துத்தான் சமூகவியல்காரர்கள் நூறு வருஷமாகக் கோட்பாடு கட்டினார்கள். 1897ல் துர்கைம் தொடங்கி வைத்தது. அட்கின்சனும் அந்த வழியில்தான் ஆராய்ச்சியைத் தொடங்கினார். போகப்போக அவருக்கு வேறு கேள்வி வந்துவிட்டது: இந்த எண்ணே எப்படி உண்டாகிறது?

அதற்காகக் கொரோனர்களிடம் பேசினார், விசாரணைகளில் போய் உட்கார்ந்தார், ஒரு கொரோனரின் உதவி அதிகாரி வேலை செய்வதைக் கூட இருந்து பார்த்தார். அவர் கண்டது நாலு தடயங்கள். கடிதம் இருக்கிறதா, எந்த விதமான சாவு, எங்கே எந்தச் சூழ்நிலையில் நடந்தது, இறந்தவரின் வாழ்க்கையும் மனநிலையும் எப்படி இருந்தது. சாலையில் வண்டி மோதி இறந்தால் தற்கொலை என்ற சந்தேகமே அநேகமாக எழாது. கடைசித் தடயம்தான் விஷயமே. விவாகரத்தா, வேலை போச்சா, தனியாளா, முன்பு மனநல சிகிச்சை எடுத்தவரா? இதெல்லாம் இருந்தால் கதை பொருந்துகிறது. பொருந்தினால் தற்கொலை.

இங்கேதான் சுற்றுவழி. தனிமையில் இருப்பவர்கள் தற்கொலை செய்துகொள்வார்கள் என்று கொரோனர் நம்புகிறார். அதனால் தனிமையில் இருந்தவரின் சாவை அப்படிப் பதிகிறார். அந்தப் பதிவுகளை எண்ணிப் பார்த்த ஆய்வாளர், தனிமைக்கும் தற்கொலைக்கும் தொடர்பு இருக்கிறது என்று 'கண்டுபிடிக்கிறார்'. அது பத்திரிகை வழியாக மறுபடி கொரோனரிடமே போய்ச் சேர்கிறது. ஒரு மாடல் துப்பிய விடையை வைத்தே அதற்கு மறுபடி பயிற்சி கொடுத்து, அடடா துல்லியம் ஏறிவிட்டதே என்று மகிழ்வதைப் போல. எங்கள் தொழிலில் இதைச் செய்தால் திட்டு விழும்.

துர்கைமும் ஏமாளி இல்லை. தற்கொலைக்கு அதிகாரிகள் எழுதும் 'காரணம்' வெறும் அதிகாரிகளின் அபிப்பிராயம் என்று அவரே ஒதுக்கியிருக்கிறார். ஆனால் அதே அதிகாரிகள் எழுதிய 'தற்கொலை' என்ற சொல்லை மட்டும் அப்படியே எடுத்துக்கொண்டார்!

இதுவரை அட்கின்சனோடு முழு உடன்பாடு. அதற்குப் பிறகு அவர், ஆகவே உண்மையான விகிதம் என்ற பேச்சே வேண்டாம், அதிகாரிகள் எப்படி அர்த்தம் உண்டாக்குகிறார்கள் என்பதை மட்டும் படிப்போம் என்கிற இடத்துக்குப் போகிறார். இது எனக்கு ஒப்பவில்லை. அளவுகோல் கோணலாக இருந்தால் எந்தப் பக்கம், எவ்வளவு கோணல் என்று பார்க்கலாமே. அவரே அதைச் செய்தவர்தான். கெசல், டால்கார்ட் இருவரோடு சேர்ந்து 1975ல் ஒரே வழக்குகளை ஆங்கிலேயக் கொரோனர்களுக்கும் டென்மார்க் அதிகாரிகளுக்கும் கொடுத்துப் பார்த்தார். டென்மார்க்காரர்கள் கூடுதலாகத் தற்கொலை என்றார்கள். அதாவது கோணலுக்கு ஒரு திசை உண்டு, அதை அளக்கவும் முடியும்.

ஸ்டீவ் டெய்லர் இன்னும் நன்றாகச் செய்தார். லண்டன் பாதாள ரயிலில் அடிபட்டு இறந்தவர்களில், தெளிவான தடயம் இல்லாத 32 வழக்குகளை எடுத்தார். 17 தற்கொலை, 5 விபத்து, 10 முடிவு தெரியாதவை என்று தீர்ப்பு வந்திருந்தது. மனநோய் வரலாறோ அவமானமோ இருந்தவர்கள் 'தற்கொலை'க்குப் போனார்கள். அந்த ஸ்டேஷனுக்கு வர வேண்டிய காரணம் இல்லாதவர் என்பதுகூடக் கணக்கில் வந்தது.

இன்னொரு குறை, சட்டத்தை அட்கின்சன் லேசாக எடுத்துக்கொள்கிறார். 1961 வரை இங்கிலாந்தில் தற்கொலை குற்றம். அது போன பிறகும், சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும் என்ற குற்றவியல் அளவுகோல் மட்டும் ஒட்டிக்கொண்டே இருந்தது. ஒரு சிறைக்கைதியின் மரணம் தொடர்பான வழக்கில் 2018ல் உயர் நீதிமன்றம், அவ்வளவு வேண்டாம், எது அதிக சாத்தியமோ அது போதும் என்றது. 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் 3-2 என்று அதை உறுதி செய்தது. உடனே எண்கள் எகிறியிருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அவர்களுடைய புள்ளியியல் அலுவலகம் பார்த்தபோது, ஏற்றம் அந்தத் தீர்ப்புக்கு முன்பே தொடங்கியிருந்தது. தவிர, அவர்கள் பெரியவர்களின் 'நோக்கம் தெரியாத' மரணங்களையும் ஏற்கெனவே தற்கொலைக் கணக்கில் சேர்த்துத்தான் வந்தார்கள். ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் கூட்டுத்தொகை மாறாது, அவ்வளவுதான்.

நம் ஊரில் கொரோனர் இல்லை. 194ல் போலீஸ் விசாரணை (2024 ஜூன் வரை 174), கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் பெண் இறந்தால் ஆர்டிஓ விசாரணை. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் தற்கொலை எண்கள் போலீஸ் பதிவிலிருந்து வருபவை. பேப்பரில் 'தீராத வயிற்றுவலி' என்று வருவதை எத்தனை தடவை படித்திருப்போம்.

காலேஜ் கடைசி வருஷத்தில் ஹாஸ்டல் நண்பன் ஒருவன் தண்டவாளத்தில் இறந்தான். எங்களை விசாரித்தார்கள். அந்த வாரம் அவன் எப்படி இருந்தான் என்று எங்கள் நாலு பேருக்கும் தெரியும். அவங்க அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "லைனை கிராஸ் பண்ணப்ப கவனிக்கலை சார், காதுல ஹெட்ஃபோன்" என்று நான்தான் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். அட்கின்சனின் கொரோனர் தடயங்களைப் படிப்பவர். தடயத்தைக் கொண்டுவந்து கையில் கொடுக்கும் எங்களைப் போன்றவர்கள் அந்தப் புத்தகத்தில் அதிகம் இல்லை. டக்ளஸ் 1967லேயே இதைத் தொட்டிருக்கிறார்: குடும்பக் கட்டு இறுக்கமாக உள்ள இடத்தில் மறைக்கவும் ஆள் இருக்கும், ஆகவே அங்கே தற்கொலை குறைவாகத் தெரியும். துர்கைமின் மையமான வாதத்தையே இது பதம் பார்க்கிறது.

அந்த வருஷ விபத்துக் கணக்கில் ஒன்று நான் சொன்னது. அவன் அம்மா இன்றும் போன் பண்ணுவார், ஹெட்ஃபோன் போட்டுக்கிட்டு ரோட்டுல நடக்காதேப்பா என்பார். சரிம்மா என்பேன்.