ஏட்டுச் சுரைக்காயும் நகராண்மையும்

திட்டம் தீட்டுதல் எளிது. ஊரளவில் அதனைச் செயற்படுத்துதலே அரிது. 1992-ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனிரோ நகரில் கூடிய ஐக்கிய நாட்டு மாநாடு 'அஜெண்டா 21' என்னும் செயல்திட்டத்தை ஏற்றது. 40 அதிகாரங்கள் கொண்ட அவ்வேட்டின் 28-ஆம் அதிகாரம் உள்ளூராட்சி மன்றங்களைப் பற்றியது. வருந்தலைமுறைக்குக் கேடு சூழாத வளர்ச்சி, மக்களுக்கு மிக அண்மையில் உள்ள ஆட்சியிலேயே வேரூன்ற வேண்டும் என்பது அதன் துணிபு. 1996-க்குள் பெரும்பாலான மன்றங்கள் தத்தம் மக்களோடு கலந்து பேசித் தமக்குரிய செயல்திட்டத்தை வகுத்தல் வேண்டும் என்றும் அது கூறிற்று.

கருத்து உயர்ந்ததே. ஆயினும் குறைகள் இரண்டு உள. கலந்து பேசுக என்னும் அவ்வதிகாரம், பேசிய சொல்லை மன்றம் புறக்கணித்தால் என் செய்வது என்று கூறவில்லை. அது காட்டும் செலவுக் கணக்கோ ஆண்டுக்குச் சுமார் 10 இலட்சம் டாலர். அதுவும் உள்ளூராட்சிகளின் பன்னாட்டுச் செயலகங்களை வலுப்படுத்துவதற்கே. ஊர் மன்றத்தின் பெட்டிக்குப் பணம் வரும் வழி யாது?

இக்குறைகளை நம் நாட்டில் வைத்துப் பார்ப்போம். 2000-ஆம் ஆண்டில் பெட்டாலிங் ஜெயா, குவாந்தான், மீரி, கிரியான் ஆகிய நான்கு இடங்களில் இத்திட்டம் முன்னோடியாகத் தொடங்கப்பெற்றது. ஆனால் மலேசியாவில் உள்ளூராட்சித் தேர்தல்கள் 1965-இல் நிறுத்தப்பட்டன. 1976-ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டம் நியமன முறையை நிலைப்படுத்திற்று. ஆகவே கூட்டத்தில் கருத்துரைப்பவர் வரி செலுத்துவோர்; முடிவு செய்பவர் நியமனம் பெற்றோர். முன்னவர் சொல் வீணாயின், பின்னவரை வாக்குச் சீட்டால் விலக்க வழியில்லை.

தேர்தல் ஒன்றே மருந்து என்பாரும் உளர். அது மிகை. வாக்கு நாடும் உறுப்பினர், நாளைய நன்மையை விடுத்து இன்றைய பாராட்டைத் தேடுதலும் உண்டு. நியமன மன்றமும் மனம் வைத்தால் சில செய்யலாம். மின்சாரம், நீர் முதலியவற்றில் சிக்கனம் காட்டும் வீட்டாருக்கு மதிப்பீட்டு வரியில் கழிவு தரும் முறையைப் பெட்டாலிங் ஜெயா மாநகர் மன்றம் 2011-இல் தொடங்கியது. அங்கே கொள்கை மேடையினின்று இறங்கி வரிச்சீட்டில் ஏறிற்று. எனினும் அத்தகைய நன்மை மன்றத்தின் மனத்தைப் பொறுத்தது; மக்களின் உரிமையைப் பொறுத்ததன்று.

ஆதலின், ஒரு மன்றத்தின் திட்டத்தை அதன் வழவழப்பான அட்டையைக் கொண்டு மதிப்பிடுதல் தகாது. வரவு செலவுக் கணக்கில் அதற்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, செய்யத் தவறின் விடை சொல்லக் கடமைப்பட்டவர் யார் என்று வரி செலுத்துவோர் ஆண்டுதோறும் கேட்டல் வேண்டும். விடை இல்லையேல், அஃது ஏட்டுச் சுரைக்காயே, கறிக்கு உதவாது.